ஓரத்துல நின்னா கோல் விழும்

பி.டி. பீரியடில் நாங்க பந்து ஆடுவதைப் பார்த்திருப்பீங்க. பந்து எங்கயோ அங்கதான் அத்தனை பேரும். தேனீக்கூட்டம் மாதிரி. பந்து தெரியாது, காலுதான் தெரியும். கோல் மட்டும் விழாது. ஏன் விழல்லன்னு சென்னை சிட்டி அணியைப் பற்றித் தெரிஞ்ச பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஐ-லீக் என்ற அகில இந்தியப் போட்டியில் 2017-18ல் அந்த அணிக்கு 8வது இடம். நம்ம மாவட்டத்து தூத்தூர் பக்கத்து மைக்கேல் சூசைராஜ் அண்ணன் அப்போ அதில்தான் ஆடினார். பிறகு ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போயிட்டார். இனி என்ன ஆகுமோன்னு நினைப்போம். ஆனா 2018-19ல் அவங்க 20 ஆட்டத்தில் 48 கோல்! வேற எந்த அணியும் அவ்வளவு போடல்ல. பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ்.

சூட்சுமம் அகலத்தில் இருக்கு. பெரிய மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நாம நடுவிலேயே கூடி நின்னா, எதிரணிக்கு நடுவை அடைச்சாப் போதும். இரண்டு பேர் இரண்டு பக்கக் கோட்டை ஒட்டி நின்னா, அவங்களைப் பிடிக்க எதிராளி விலகியே ஆகணும். விலகினா நடுவில் வழி திறக்கும். வலையை இரண்டு பக்கமும் இழுத்தா கண்ணி விரியுமே, அது போல. சென்னை சிட்டி பந்தைச் சும்மா தூக்கி அடிக்காம பின்னால இருந்தே சின்னச் சின்னப் பாஸாகக் கொண்டு வரும். ஓரத்தில் ரொமாரியோ ஜேசுராஜ், நடுவில் ஸ்பெயின்காரர்கள் சான்ட்ரோ, நெஸ்டர். திறந்த வழியில் புகுந்து அடிக்க உருகுவே நாட்டு பெட்ரோ மான்சி. அவர் மட்டும் 21 கோல்.

ஆபத்தும் உண்டு. பரவி நிக்கும்போது பந்து பறிபோனா பின்னால காலி. அவங்க வாங்கின கோல் 28. இரண்டாவது வந்த ஈஸ்ட் பெங்கால் 20தான் வாங்கியது.

கடைசி ஆட்டம் 9.3.2019, கோயம்புத்தூரில். மினெர்வா பஞ்சாப் முதலிலேயே ஒரு கோல் போட்டுட்டுது. இடைவேளை வரை 0-1. பிறகு மான்சி பெனால்டியில் ஒன்று, கௌரவ் போரா இரண்டு. போரா தடுப்பு ஆட்டக்காரர்னு சொன்னா நம்புவீங்களா? அதே நேரம் ஈஸ்ட் பெங்காலும் ஜெயிச்சுட்டுது. 43 புள்ளிக்கு 42. ஒரே புள்ளியில் கோப்பை சென்னை சிட்டிக்கு. (2021க்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கில் ஆடல்ல. எனக்கு அது வருத்தம்தான்.)

போன வெள்ளிக்கிழமை நான் கோட்டுப் பக்கம் போய் நின்னேன். "ஏட்டி, பராக்கு பாத்துட்டு நிக்கியா?" என்று சத்தம் போட்டாளுக. பந்து ஒரு தடவைகூட வரல்ல. ஒருத்தி மட்டும் நின்னா வலை விரியாது, இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி வேணும். வர்ற வெள்ளி 'பி' பிரிவுகூட மேட்ச். இடது பக்கம் நான் நிக்கேன். வலது பக்கம் நிக்கிறவங்க வியாழக்கிழமைக்குள் என்கிட்ட பேர் கொடுங்க.