கட்டளைத் திரை வழியே விலைநிலவரம் அறிதல்

மஞ்சளை வெட்டி, வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி மூட்டை கட்டிய பின் விவசாயிக்கு எஞ்சி நிற்பது ஒரே கேள்வி. மூட்டைகளை இன்றே ஏலத்துக்கு அனுப்புவதா, இன்னுஞ் சில வாரங்கள் கிடங்கில் வைத்திருப்பதா என்பதே அது. ஒன்பது மாதம் பாடுபட்ட பலன் இந்த ஒரு தீர்மானத்தால் கூடவும் குறையவும் கூடும். இதற்கு வேண்டிய விலைநிலவரத்தைச் சர்க்கார் வெளியிடும் புள்ளிவிவரங்களிலிருந்து வீட்டிலிருந்தபடியே பெறும் வசதி இப்பொழுது இருக்கிறது. அவ்விவரங்களைத் தேடி எடுத்துக் கணக்கிட்டுத் தருவதற்குச் செயற்கை நுண்ணறிவு ஏஜண்டுகளும் வந்துவிட்டன. இவ்விரண்டையும் இணைக்கும் முறையை இங்கு விவரிக்கிறேன். இணைப்பது சுலபம், இணைத்த பின் நேரக்கூடிய பிசகுகளைப் பற்றியே அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏஜண்டு என்பது யாது? கேட்ட கேள்விக்கு விடையெழுதுவதோடு நின்றுவிடும் நுண்ணறிவுப் பொறியைப் பலரும் கைப்பேசியில் பார்த்திருப்பார்கள். ஏஜண்டு அதற்கு மேற்பட்டது. நமது கம்ப்யூட்டரிலேயே கட்டளைகளை ஓட்டும். கோப்புகளைத் திறக்கும், எழுதும். வெளியிலுள்ள சேவைகளிடம் விவரம் கேட்டு வாங்கும். பண்ணைக்கு அமர்த்தும் காரியஸ்தனுக்கு ஒப்பானது என்று கொள்ளலாம். அவனிடம் எந்தச் சாவியைக் கொடுக்கிறோம், எதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறோம் என்பதில் எவ்வளவு ஜாக்கிரதை வேண்டுமோ, அவ்வளவும் இதற்கும் வேண்டும். 2025-ஆம் ஆண்டில் ஆந்த்ரோபிக் கம்பெனியார் கிளாட் கோட் என்பதையும், ஓப்பன் ஏஐ கம்பெனியார் கோடெக்ஸ் என்பதையும், கூகிள் கம்பெனியார் ஜெமினி என்பதையும் கட்டளைத் திரையில் இயங்கும் ஏஜண்டுகளாக வெளியிட்டார்கள். கட்டளைத் திரை அல்லது கமாண்டு லைன் என்பது, படங்களும் பொத்தான்களும் இன்றி, எழுத்தாலேயே உத்தரவிடும் சன்னல். பார்வைக்கு வறட்சியாயினும், என்ன உத்தரவு சென்றது, என்ன விடை வந்தது என்பது அங்கே வரிவரியாக நிற்கும். கணக்கு சரிபார்க்க வேண்டிய காரியத்துக்கு இதுவே உகந்தது.

இனி விவரம் கிடைக்குமிடம். 1935-ல் ஏற்பட்ட மத்திய விற்பனை ஆய்வு இயக்ககத்தார், 2000-ஆம் ஆண்டு முதல் அக்மார்க்நெட் என்னும் வலைத்தளத்தில் நாட்டின் பல விற்பனைக்கூடங்களின் விலைகளைத் தொகுத்து வருகிறார்கள். அன்றன்றைய விலைகள், மத்திய சர்க்காரின் டேட்டா.கவ்.இன் என்னும் பொதுத் தரவுத்தளத்தின் வழியாக, பொறிகள் படிக்கத்தக்க உருவிலும் கிடைக்கின்றன. ஒவ்வொரு வரிசையிலும் மாநிலம், மாவட்டம், சந்தை, விளைபொருள், ரகம், தரம், வரத்துத் தேதி, குறைந்த விலை, உயர்ந்த விலை, முகட்டு விலை என்பன இருக்கும். முகட்டு விலை என்பது சராசரியன்று. அன்று பெரும்பாலான சரக்கு விற்ற விலையாகும். விலைகள் யாவும் குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு, இத்தனை ரூபாய் என்ற கணக்கு.

மேற்படி தளத்தில் பெயரைப் பதிந்துகொண்டால் ஏ.பி.ஐ. சாவி என்னும் நீண்ட எழுத்துத் தொடர் ஒன்று கிடைக்கும். அதை ஏஜண்டுடன் பேசும் உரையாடலில் எழுதிவிடலாகாது. உரையாடலில் எழுதியது யாவும் கம்பெனியாரின் கம்ப்யூட்டருக்குச் செல்லும். ஏஜண்டைத் துவக்குமுன், லினக்ஸ் முறையாயின் எக்ஸ்போர்ட் என்ற கட்டளையால் சாவியை ஒரு சூழல் மாறியில் வைத்து, அதன் பெயரை மட்டும் ஏஜண்டிடம் சொல்ல வேண்டும். அதைத் திரையில் அச்சிடலாகாது என்றும் சொல்லிவைக்க வேண்டும். சன்னலை மூடியவுடன் அது மறைந்துவிடும். மறுநாள் திரும்பவும் வைத்துக்கொள்ளலாம்.

இதன் பின் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, 1998 முதல் வழங்கிவரும் கர்ல் என்னும் சிறு கருவியைக் கொண்டு தளத்திலிருந்து விவரத்தைக் கொணரும்படி ஏஜண்டுக்கு நேரே சொல்லிவிடுவது. ஒரே இடத்திலிருந்து ஒரே விதமான விவரம் வேண்டுவோர்க்கு இதுவே போதும். இரண்டாவது, எம்.ஸி.பி. எனப்படும் இணைப்பு முறை. இதனை ஆந்த்ரோபிக் கம்பெனியார் 2024 நவம்பரில் வெளியிட்டார்கள். பின்னர் மற்றக் கம்பெனிகளும் ஏற்றுக்கொண்டன. இம்முறையில், ஏஜண்டுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே சிறு பணியாள் நிரல் ஒன்று நிற்கும். கிளாட் கோட்டில் கிளாட், எம்.ஸி.பி., ஆட் என்ற மூன்று சொற்களை எழுதி, இணைப்புக்கு ஒரு பெயரிட்டு, இரண்டு சிறு கோடுகளுக்குப் பின் அந்நிரலைத் துவக்கும் கட்டளையை எழுதினால் இணைப்பு ஆகிவிடும். பங்கு விலை, நாணய மாற்று, முன்பேர விலை முதலியவற்றை விற்கும் நிதித் தரவுத் தளங்கள் பலவும் இவ்வகை இணைப்பையே இப்பொழுது தருகின்றன. ஆயினும் முகந்தெரியாதவர் எழுதிய நிரலை நிறுவுவது, முகந்தெரியாதவனைக் களத்துமேட்டில் படுக்கவிடுவதே ஆகும்.

இனிப் பிசகுகள். முதற்பிசகு எனது சொந்த அநுபவம், மறைக்க விரும்பவில்லை. எனது சரகத்தில் ஒரு விவசாயி கிழங்கு மஞ்சள் மூட்டைகளை வைத்துக்கொண்டு யோசனை கேட்டார். நான் ஏஜண்டிடம், “மஞ்சள் இன்று என்ன விலை?” என்று மட்டும் கேட்டேன். அது விரலி, கிழங்கு இரண்டையும் கலந்து ஒரு சராசரி சொல்லிற்று. கணக்குக்காக விரலி 12,000 ரூபாய், கிழங்கு 10,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 11,250 ஆகும். கிழங்குக்கு 10,500 கேட்ட வியாபாரி 750 ரூபாய் குறைத்துவிட்டதாக அவரும் நானும் எண்ணினோம். என் பேச்சைக் கேட்டு அவர் மூட்டைகளைத் திருப்பிக்கொண்டு போனார். மூன்று வாரத்துக்குப் பின் ஏறக்குறைய அதே விலைக்கே விற்றது. வண்டிக்கூலி இருமுறை, பயிர்க்கடன் வட்டி மூன்று வாரம். இரண்டும் அவருடைய நஷ்டம். வியாபாரி கேட்டது நியாயமான விலையே. பொறி பொய் சொல்லவில்லை. ரகத்தைக் குறிப்பிடாதது என் குற்றம். அன்று முதல், சந்தை, ரகம், தேதி மூன்றையும் சொல்லாமல் நான் விலை கேட்பதில்லை. சராசரி போடாமல் மூல வரிசைகளையே முதலில் காட்டும்படியும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது, பத்து வரிசைப் பிசகு. எத்தனை வரிசை வேண்டும் என்று கேட்காவிட்டால் மேற்படி தளம் பத்து வரிசைகளோடு நிறுத்திக்கொள்ளும். கவனக்குறைவான ஏஜண்டு அந்தப் பத்தையே நாடு முழுவதற்குமான நிலவரமாக எடுத்துரைக்கும். விடையோடு, மொத்த வரிசை எத்தனை, அனுப்பியது எத்தனை என்ற இரண்டு எண்களும் வருகின்றன. அவை ஒத்திருக்கின்றனவா என்று கேட்பதில் ஒரு நிமிஷங்கூடச் செல்லாது.

காய்கறி விலை பார்ப்போர் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். நமது மாநிலத்துப் பதிவுகளில் உழவர் சந்தைகளும் சேர்ந்திருக்கின்றன. 1999-ல் மதுரையில் துவங்கிய இச்சந்தைகளில் விவசாயி நேரே நுகர்வோருக்கு விற்கிறார். ஆகவே அது சில்லறை விலை. மொத்தச் சந்தைக்கு லாரியில் தக்காளி ஏற்றுகிறவர் அதை நம்பிக் கூலியும் வாடகையும் பேசினால் கையைக் கடிக்கும்.

சந்தை கூடாத நாளும் பதிவு வராத நாளும் உண்டு. அந்நாளின் இடத்தைக் காலியாக விடும்படி ஏஜண்டுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிடின் முந்திய விலையையோ, தன் ஊகத்தையோ இட்டு நிரப்பிவிடக்கூடும். இத்தளத்தின் தினசரி விவரம் அன்றன்றைக்கே உரியதாதலால், நாள்தோறும் ஒரு கோப்பில் சேர்த்துவரச் செய்தால் ஏற்ற இறக்கம் தெரியும். எதிர்கால விலையை அதனிடம் கேட்பது வீண்வேலை என்பது என் அபிப்பிராயம்.

அதிகாரம் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். ஏஜண்டு பல கட்டளைகளை ஓட்டுமுன் சம்மதம் கேட்கும். சலிப்புற்றுச் சிலர் இக்கேள்வியையே நிறுத்திவிடுகிறார்கள். இது வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்திடுவதாகும். வெளியிலிருந்து வரும் விவரத்துக்குள்ளேயே யாரேனும் விஷமமாக ஒரு கட்டளையை எழுதி வைத்திருக்கலாம். மூன்றாமவன் கடிதத்தை எஜமானன் உத்தரவென்று காரியஸ்தன் எண்ணுவது போல, ஏஜண்டும் அதற்கு ஏமாறக்கூடும். ஆகையால் வேறெந்தக் கோப்பும் இல்லாத தனிப் பெட்டகத்தில் அதனைத் துவக்குவது நலம். பாங்கிக் கணக்கின் கடவுச்சொல், முன்பேர வியாபாரக் கணக்கின் சாவி முதலியவற்றை அதன் பக்கத்தில் கொண்டுசெல்லவே வேண்டாம். விலை பார்ப்பதற்குப் பார்க்கும் உரிமை மட்டும் போதும். விற்கும் உரிமை வேண்டியதில்லை. கிராம நிர்வாக அலுவலர்கள், ஊரார் கேட்டார்களென்று, பட்டா சிட்டா விவரங்கள் உள்ள ஆபீஸ் கம்ப்யூட்டரில் இதனை நிறுவலாகாது.

ஈரோடு, பெருந்துறை ஏலங்களுக்குச் சரக்குக் கொண்டுசெல்வோர், ஏஜண்டு தந்த விலையை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு, புறப்படுமுன் விற்பனைக்கூடத்துக்கு டெலிபோன் செய்து, முந்திய ஏலத்தில் அதே ரகம், அதே தரம் என்ன விலைக்குப் போயிற்று என்று விசாரித்து ஒப்பிடுக. புது மஞ்சளா, பழைய மஞ்சளா என்பதையும் மறவாமல் கேட்க வேண்டும். அந்த விவரம் மேற்சொன்ன வரிசைகளில் தனியே வருவதில்லை.