தார்ப் பாலையில் ஒரு கூட்டுப் பயணம்

பாலைவனம் என்ற சொல்லைக் கேட்டவுடன், நீரும் நிழலும் மக்கள் நடமாட்டமும் அற்ற ஒரு பெருவெளியே நம் மனக்கண் முன் தோன்றுகிறது. தில்லியிலும் அகமதாபாத்திலும் வாழும் நம்மவருள் பலர், தார்ப் பாலையை இரயில் வண்டியின் சாளரம் வழியாக மட்டுமே கண்டிருப்பர். இப்பொழுதோ இளைஞர்கள் ஐவராகவும் பதின்மராகவும் ஒன்றுகூடி, குளிர்கால விடுமுறையில் மோட்டார் சைக்கிள்களில் ஜெய்சல்மேர் வரை சென்று, அதற்கப்பால் உள்ள மணல்மேடுகளையும் கடந்து வருகின்றனர். அவ்வாறு சென்றுவந்த எண்மர் குழு எங்களுடையது. இனிச் செல்ல விரும்பும் அன்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்று கருதி, நாங்கள் அறிந்துகொண்டவற்றை இங்கே கூற விழைகிறோம்.

வலிமை மிக்க வண்டியும் துணிச்சலும் இருந்தால் மணலைக் கடந்துவிடலாம் என்பது பலரது எண்ணம். உண்மை இதற்கு நேர்மாறானது. மணலில் முன்னேறுவதற்கு வேண்டிய திறமை, பாரம் பதியாமல் இலேசாகச் செல்லும் திறமையே ஆகும். அங்ஙனம் இலேசாகச் செல்வது நம் வண்டியை மட்டும் காப்பதன்று. அம்மணலை வீடாகக் கொண்டு வாழ்பவர்களையும் காக்கிறது. இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றாகின்றன என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

தார்ப் பாலையின் பரப்பு ஏறக்குறைய 2 இலட்சம் சதுர கிலோமீட்டர். அதன் பெரும்பகுதி நம் நாட்டிலும், எஞ்சியது பாகிஸ்தானிலும் உள்ளது. சென்னையில் ஓராண்டில் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. ஜெய்சல்மேரின் சராசரியோ 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. எனினும், உலகப் பாலைவனங்களுள் மக்கள் நெருக்கம் மிகுந்தவற்றுள் ஒன்று இது. நம் இலக்கியம் கூறும் பாலை வேறு. குறிஞ்சியும் முல்லையும் கோடையின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து நிற்கும் நிலையையே சிலப்பதிகாரம் பாலை என்கிறது. மழை பொழிந்தால் அந்நிலம் மீண்டும் தன் இயல்பை அடைந்துவிடும். தார்ப் பாலையில் வறட்சியே இயல்பு. அந்த வறட்சியோடு ஒத்து வாழக் கற்றுக்கொண்டவர்களே அந்நாட்டு மக்கள்.

அங்கு நமக்கு அறிமுகமான முகங்களும் இல்லாமல் இல்லை. விருத்தாசலம் கோயிலில் தல விருட்சமாகப் போற்றப்படும் வன்னி மரமே, ‘கேஜ்ரி’ என்னும் பெயரில் அப்பாலையின் கற்பகத் தருவாக விளங்குகிறது. அதன் தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் உணவு. காய் மனிதருக்குக் கறி. நிழலில் கம்பு விளைகிறது. 1983ஆம் ஆண்டில் அது இராஜஸ்தானின் மாநில மரமாக அறிவிக்கப்பெற்றது. நம் ஊர் வழியோரத்து எருக்கஞ்செடியும் அங்கே மணல்மேட்டின் சரிவில் செழித்து நிற்கிறது.

இனி, மணலின் இயல்பைக் காண்போம். திருச்செந்தூர், சாத்தான்குளம் பகுதிகளின் செந்நிறத் தேரிகளைக் கண்டவர்களுக்கு, மணல் இடம்பெயரும் என்பது புதிய செய்தியன்று. காற்று வலுத்து வீசும்பொழுது மணல் துகள்கள் தரையை விட்டுச் சற்றே எழும்பி, முன்னே தாவி விழுகின்றன. விழும் துகள் வேறு துகள்களை மோதி எழுப்புகிறது. இவ்வாறு தாவித்தாவிச் செல்லும் மணல், ஒரு செடியோ கல்லோ தடுத்த இடத்தில் குவிந்து மேடாகிறது. காற்று வரும் பக்கம் 10 முதல் 15 பாகை வரை சாய்ந்த மெல்லிய ஏற்றமாகவும், இறுகியதாகவும் இருக்கும். மறுபக்கமோ உச்சியிலிருந்து சரிந்து விழுந்த மணலால் ஆனது. 32 முதல் 34 பாகை வரை செங்குத்தாக இறங்கும். காலை வைத்தால் முழங்கால் வரை புதையும். தார்ப் பாலையில் கோடைக் காலத்துப் பெருங்காற்று தென்மேற்கிலிருந்து வீசுகிறது. ஆதலால், பல மேடுகளில் ஏறுவதற்கு ஏற்ற பக்கம் தென்மேற்கு. எச்சரிக்கை வேண்டிய பக்கம் வடகிழக்கு.

மேட்டின் உச்சியே மிக்க ஆபத்தான இடம். விரைந்து ஏறுபவன் கண்ணுக்கு அப்பாலுள்ள சரிவு தெரிவதில்லை. உச்சிக்குச் சற்றுக் கீழே வேகத்தைத் தணித்து, நின்று, நடந்து சென்று மறுபக்கத்தைப் பார்த்த பின்னரே வண்டியை இறக்க வேண்டும். நடுப்பகலில் நிழல் இல்லாமையால் பள்ளமும் மேடும் ஒன்றுபோல் தோன்றும். விடியற்காலையிலோ சாய்ந்த வெயில் ஒவ்வொரு மடிப்பையும் காட்டிக் கொடுக்கும். இரவின் ஈரத்தால் மணலும் சற்று இறுகியிருக்கும். எனவே, மணற்பயணம் காலை வேளையிலேயே முடிந்துவிடுவது நன்று.

சக்கரம் ஏன் புதைகிறது? ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ள வண்டியும், அதன்மேல் மனிதனும் மூட்டையும் சேர்ந்த பாரம் முழுவதும், உள்ளங்கை அளவான இரண்டு இடங்களில் மட்டுமே தரையைத் தொடுகின்றது. ஒட்டகத்தின் பாதத்தைப் பாருங்கள். அது அகன்று, மெத்தென்று, காலை ஊன்றுந்தோறும் விரிந்து கொடுக்கிறது. அந்த உபாயத்தையே நாமும் மேற்கொள்ள வேண்டும். டயரின் காற்றைக் குறைத்தால், அது தட்டையாகி மணலில் பரந்து படியும். சாலையில் 28 முதல் 32 பவுண்டு வரை இருக்கும் காற்றழுத்தத்தை நாங்கள் மணலில் 15 முதல் 18 பவுண்டு வரை குறைத்துக்கொண்டோம். அதற்கும் கீழே இறக்கினால், டயர் விளிம்பில் நழுவி, டியூபின் வால்வைப் பிய்த்துவிடக்கூடும். கெட்டிச் சாலைக்கு வந்தவுடன் மீண்டும் காற்றடிப்பதற்குக் கைப்பம்பு ஒன்று கட்டாயம் வேண்டும்.

இவ்வித்தை புதியதன்று. ரால்ப் பேக்னால்டு என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, 1920களின் இறுதியிலும் 1930களிலும் லிபியப் பாலைவனத்தின் மணற்கடலைச் சாதாரணப் போர்டு கார்களில் கடந்து காட்டினார். டயரின் காற்றைக் குறைத்ததும், புதைந்த சக்கரத்தின் கீழே இரும்புத் தகடுகளை இட்டதும் அவர் கையாண்ட முறைகள். பின்னர் 1941இல், காற்றில் மணல் செல்லும் விதத்தை ஆராய்ந்து அவர் எழுதிய நூல், இன்றும் அத்துறையின் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது.

வலிமை மட்டும் போதாது என்பதற்குச் சான்று ஜெய்சல்மேருக்கு மேற்கே, லோங்கேவாலாவில் உள்ளது. 1971ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரவு, அங்கிருந்த நம் வீரர்கள் சுமார் 120 பேரை நோக்கிப் பாகிஸ்தானின் டாங்கிகள் திரண்டு வந்தன. நம் வீரர்கள் இரவெல்லாம் எதிர்த்து நின்றனர். டாங்கிகள் பல மணலில் சிக்கி நகரமாட்டாமல் நிற்க, பொழுது விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து எழுந்த நம் விமானங்கள் அவற்றைத் தாக்கின. வீரமும் வானப்படையும் வெற்றி தந்தன. மணலும் தன் பங்கைச் செய்தது.

வண்டியைச் செலுத்தும் முறைக்கு வருவோம். எங்கள் எட்டு வண்டிகளுள் ஐந்து, சென்னையில் செய்யப்பட்ட புல்லட்டுகள். 1955ஆம் ஆண்டில் திருவொற்றியூரில் தொடங்கிய அத்தொழிலின் வண்டிகள், இராணுவத்தோடு எல்லைப்புறங்களுக்கெல்லாம் சென்றவை. அவை கனமானவை, ஆகவே மணலில் பொறுமை வேண்டும். நின்றவாறு, உடலைச் சற்றுப் பின்னே சாய்த்து, முன்சக்கரத்தின் பாரத்தைக் குறைக்க வேண்டும். பார்வை சக்கரத்தின்மேல் அன்றித் தொலைவில் இருக்க வேண்டும். கைப்பிடியை இறுகப் பற்றலாகாது. முன்சக்கரம் சற்று இங்குமங்கும் அலைவது இயல்பே. திடீரென முன்பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் மணலில் ஆழ்ந்து, செலுத்துபவனைத் தூக்கி எறியும். நிற்க வேண்டுமாயின் இறக்கத்தை நோக்கியே நிற்க வேண்டும். வண்டி புதைந்துவிட்டால், எஞ்சினை உறுமவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றுவது பேதைமை. சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும், கிளட்சும் கருகும். வண்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, குழியை மணலால் நிரப்பி, பின்னர் நிமிர்த்தி, இருவர் கைகொடுக்க மெல்ல நகர்த்துவதே வழி.

அந்த இருவர் வேண்டுமென்பதால்தான் கூட்டமாகச் செல்ல வேண்டும் என்கிறோம். ஆனால், கூட்டமாகப் புறப்படுவது வேறு; கூட்டமாகவே இருப்பது வேறு. இரண்டு மேடுகளுக்கு அப்பால் சென்ற வண்டியின் ஓசை கேட்பதில்லை; காற்று வீசும் நாளில் சக்கரத்தின் தடமும் விரைவில் மறைந்துவிடும். ஆகவே, நாங்கள் சில விதிகளை வகுத்துக்கொண்டோம். வழியறிந்தவர் முன்னே; பழுது பார்க்கத் தெரிந்தவர் கருவிகளோடு கடைசியில். ஒவ்வொருவரும் தமக்குப் பின்னே வருபவருக்குப் பொறுப்பு. பின்னவர் கண்ணில் படாவிடின் அங்கேயே நிற்க வேண்டும். மேட்டின் உச்சியை ஒருவர் கடந்து கை காட்டிய பின்னரே அடுத்தவர் ஏற வேண்டும். வழி தப்பியவர் தேடி அலையாமல், இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். மிக மெதுவாகச் செல்பவரின் வேகமே குழுவின் வேகம்.

குரி கிராமத்துக்கு அப்பால், ஒருநாள் முற்பகலில், ஏழாவதாக வந்த வண்டியின் கிளட்சுக் கம்பி அறுந்தது. ஆறாமவர் பின்னே பார்த்து நின்றார். அவர் நிற்கவே ஐந்தாமவர் நின்றார். இவ்வாறே முன்னவர் வரை அனைவரும் நின்றனர். கால் மணி நேரத்தில் எண்மரும் ஓரிடத்தில் கூடிவிட்டோம். மாற்றுக் கம்பி கடைசி வண்டியில் இருந்தது. விதி இல்லாதிருப்பின் அதே கம்பி ஓர் உயிரின் விலையாகியிருக்கக்கூடும்.

தண்ணீரை ஒரே வண்டியில் ஏற்றுதல் கூடாது. அவ்வண்டி பிரிந்தால் அனைவரும் தவிக்க நேரிடும். குளிர்காலத்திலும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று கணக்கிட்டு, ஒவ்வொருவரும் தத்தம் பங்கைச் சுமக்க வேண்டும். மணலில் பெட்ரோலும் மிகுதியாகச் செலவாகும். சாலையில் ஓடும் தொலைவில் பாதியே ஓடினாலும் வியப்பதற்கில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரையே ஏற்ற காலம். அப்பொழுது பகல் இனிது, இரவு கடுங்குளிர். கோடையில் செல்லுதல் அறவே தகாது. இப்பாலைப் பகுதியைச் சேர்ந்த பலோடியில்தான் 2016ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் 51 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. எல்லையை ஒட்டிய சில பகுதிகளுக்கு அதிகாரிகளின் முன் அனுமதி வேண்டும். ஜெய்சல்மேரிலேயே விசாரித்து அறிந்துகொள்ளல் நலம்.

இனி, எல்லாவற்றினும் முதன்மையானதைக் கூறுகிறோம். மணல்மேடுகளுக்கு இடையே, ஒருபுறம் சாய்ந்து, புல்லும் புதரும் இன்றிக் கெட்டியாக, வட்டமாக ஓரிடம் தென்படும். களைத்த கண்களுக்கு அது வண்டி ஓட்டுவதற்கென்றே அமைந்த மைதானம் போல் தோன்றும். உண்மையில் அது ஒரு குடும்பத்தின் குடிநீர். அதன் நடுவே ‘டாங்க்கா’ எனப்படும் மூடிய நிலத்தடித் தொட்டி இருக்கும். சுற்றியுள்ள வெளி ‘ஆகோர்’. அதில் விழும் மழைத்துளி முழுவதும் தொட்டிக்குள் வடியும்படி பெருக்கித் துப்புரவாக வைத்திருப்பர். ஆண்டில் சில நாட்களே பெய்யும் மழை அங்கே சேர்ந்து, மாதக்கணக்கில் அக்குடும்பத்தைக் காக்கிறது. அதன்மேல் ஓடிய சக்கரம் சிந்தும் எண்ணெயும், கிளறிய மண்ணும், அடுத்த மழையில் அவர்கள் குடிக்கும் நீரில் கலக்கும். வேறிடங்களில் ‘பேரி’ என்ற குறுகிய வாய்க் கிணறுகள் உண்டு. ஆழத்து நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. ஆனால், மேலே பெய்த மழை மணலில் இறங்கும்பொழுது, சில இடங்களில் ஜிப்சப் பாறைப் படுகை அதனைத் தடுத்து, உப்பு நீரோடு கலவாமல் நிறுத்துகிறது. அந்த ஈரம் சொட்டுச்சொட்டாகக் கிணற்றில் ஊறுகிறது. குடத்தளவு நீருக்கு அம்மக்கள் காத்திருக்கின்றனர்.

மணல்மேட்டில் நிற்கும் ‘சேவண்’ புல்லும் அவ்வாறே மதிப்புடையது. அது கால்நடைக்குத் தீவனம். அதன் வேரே மணலைப் பிடித்து நிறுத்தும் கயிறு. வேர் அறுந்தால் மணல் மீண்டும் நகர்ந்து வயலையும் வழியையும் மூடும். மணலை நிலைப்படுத்தும் முறைகளையும் ஆராய்ந்து, ஜோத்பூரில் 1959 முதல் மத்திய வறள்நில ஆராய்ச்சி நிலையம் பணிபுரிகிறது. பாலைத் தேசியப் பூங்காவிலோ, அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயில் தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிடுகிறது. அப்பூங்காவுக்குள் வழியை விட்டு விலகாமலிருப்பதே நாம் செய்யத்தக்க உதவி.

பாலையும் மாறிவருகிறது. 1958இல் தொடங்கிய இராஜஸ்தான் கால்வாய், பின்னர் இந்திரா காந்தி கால்வாய் எனப் பெயர் பெற்று, 1987இல் ஜெய்சல்மேர் மாவட்டத்தின் மோகன்கட் வரை பஞ்சாபின் நீரைக் கொணர்ந்தது. அக்கால்வாய் எட்டாத டாணிகளில், அதாவது சிறு குடியிருப்புகளில், டாங்க்காவே இன்றும் துணை நிற்கிறது. அத்தகைய குடியிருப்பை அணுகும்பொழுது எஞ்சினை நிறுத்தி, ‘ராம் ராம் சா’ என்று வணங்கி, வழி கேட்டுச் செல்லுங்கள். அவர்கள் முதலில் நீட்டுவது தண்ணீர்ச் செம்பாக இருக்கும். அச்செம்பின் அருமையை அறிந்து, வேண்டிய அளவே பருகி, நம் பாத்திரங்களை நகரத்திலேயே நிரப்பிக்கொண்டு செல்வது நம் கடமை.

காற்றைக் குறைத்து, வேகத்தைத் தணித்து, பின்னவரை எண்ணி, வழியைக் கேட்டுச் செல்பவர் மணலில் புதைவதில்லை. அவர் சென்ற பின்னர் அம்மணலும் முன்போலவே இருக்கும்.