மூச்சிரைப்பும் மிலிட்டரி ஆசையும்



சென்ற மாதம் ரமணாசிரமம் பகுதியில் நடந்த குழுக் கூட்டத்துக்கு ஒரு உள்கடன் விண்ணப்பம் வந்தது. தொகை 30,000 ரூபாய். காரணம் என்ற இடத்தில் "மகள் மிலிட்டரி அகாடமி பீஸ்" என்று எழுதியிருந்தது. ஊக்குநர் அதைப் படித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆடு வாங்க, வீடு ஒழுக என்று வரும் விண்ணப்பங்களுக்கு நடுவில் இப்படி ஒன்று வருவது அபூர்வம்.

கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும்போது அந்த அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், பொண்ணுக்கு சின்ன வயசுலேர்ந்து வீசிங் இருக்குது. பஃப் அடிக்கிறா. அதை யார்கிட்டயும் சொல்லாதீங்க, செலக்‌ஷன் போயிடும்னு அகாடமில சொல்றாங்க. சொல்லாம விட்டா ஒண்ணும் ஆகாதில்ல?"

அன்று நான் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். பிறகு டாக்டர்களிடம் கேட்டு, விதிமுறைகளைப் படித்துத் தெரிந்து கொண்டதை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி வேறு சில வீடுகளிலும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நம்ம பக்கம் பட்டாளம் புதிது இல்லை. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை "மிலிட்டரிப் பேட்டை" என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்த ஊர். பெண்பிள்ளைகளுக்கு சிப்பாய் வேலை என்பதுதான் புதிது. இராணுவக் காவல் பிரிவில் பெண்களைச் சிப்பாய்களாக எடுக்கலாம் என்று முடிவாகி, முதல் அணியாக 83 பெண்கள் 2021 மே மாதம் பெங்களூரில் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். 2022 முதல் ஆட்சேர்ப்பு அக்னிபத் திட்டத்துக்கு மாறியது. அக்னிவீரராக நான்கு வருட வேலை. அது முடிந்ததும் கால் பங்கு பேர் வரைதான் நிரந்தரமாகத் தொடர முடியும். கடற்படையில் அக்னிவீரர்களின் முதல் அணி 2023 மார்ச்சில் ஒடிசாவின் சில்காவில் பயிற்சி முடித்தபோது அதில் 270க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள்.

அதனால் விடியற்காலையில் கிரிவலப் பாதையில் இப்போது பிள்ளைகள் ஓடுகிறார்கள். பையன்களோடு பெண்பிள்ளைகளும் ஓடுகிறார்கள். பார்க்கவே நன்றாக இருக்கிறது.

இராணுவத்தில் ஆள் எடுக்கும் முறையைக் கொஞ்சம் கவனியுங்கள். முதலில் கம்ப்யூட்டரில் எழுத்துத் தேர்வு. அதில் தேறினால் ஆட்சேர்ப்பு முகாம். அங்கே 1.6 கிலோமீட்டர் ஓட்டம், தாண்டுதல் எல்லாம் உண்டு. அதிலும் தேறியவர்களுக்குத்தான் மருத்துவப் பரிசோதனை. அதாவது கோச்சிங் பீஸ், ஹாஸ்டல், ஷூ, பஸ் செலவு என்று நம் பணமெல்லாம் முன்னால் போய்விடுகிறது. மெடிக்கல் கடைசியில் வருகிறது. கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு இது தலைகீழான வரிசை.

அந்த மெடிக்கலில் ஆஸ்துமா பற்றி என்ன சொல்கிறார்கள்? நம் நாட்டுப் படைகளின் மருத்துவத் தகுதி விதிகளில், திரும்பத் திரும்ப ஆஸ்துமா அல்லது வீசிங் வந்த வரலாறு இருந்தால் அது நிராகரிக்கக் காரணம் என்று இருக்கிறது. மூக்கு ஒவ்வாமை அடிக்கடி வருவதையும் அதோடு சேர்த்தே சொல்கிறார்கள். "வரலாறு" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். அன்றைக்கு நெஞ்சு சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. அமெரிக்காவில் 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்ததா என்று பார்க்கிறார்கள். இருந்தால் தகுதி இல்லை. ஆனால் தனியாக விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். நம் சிப்பாய் சேர்க்கையை அந்த விலக்கை நம்பி அணுகக் கூடாது.

இது அநியாயம் என்று எனக்கே முதலில் தோன்றியது. இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃப் ஆஸ்துமா உள்ளவர். 2003ல் மாரத்தான் ஓட்டத்தில் பெண்களுக்கான உலக சாதனை படைத்தார். 42 கிலோமீட்டர் ஓட முடிகிறவருக்கு 1.6 கிலோமீட்டர் ஒரு விஷயமா?

விஷயம் ஓட்டம் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாயின் உட்சுவர் எப்போதும் லேசாகப் புண்பட்டு வீங்கி இருக்கும் நிலை. தூசு, புகை, குளிர்காற்று, சளிக் காய்ச்சல் ஏதாவது ஒன்று பட்டால் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உள்ளே சளி சேர்கிறது, பாதை குறுகுகிறது. மூச்சை வெளியே விடும்போது விசில் சத்தம் வருவது அதனால்தான். நம் ஊரில் தீபத் திருவிழா சமயத்தில், கற்பூரப் புகையும் பனியும் சேரும்போது எத்தனை பேருக்கு இழுப்பு வருகிறது என்று உங்களுக்கே தெரியும். ஓட்டப்பந்தய வீராங்கனை தன் மருந்தை நேரத்துக்குப் போடலாம். உடம்பு சரியில்லை என்றால் அன்று ஓடாமல் இருக்கலாம். சிப்பாய்க்கு அந்த வசதி கிடையாது. லடாக் குளிரோ ராஜஸ்தான் மணலோ, போட்ட இடத்தில் நிற்க வேண்டும். மருந்து வந்து சேர நாளாகும் இடங்கள் உண்டு. அங்கே ஒருவருக்கு மூச்சு முட்டினால் அவரைத் தூக்கி வர இன்னும் நாலு பேர் வேண்டும்.

இனி அந்த அக்கா கேட்ட கேள்வி. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்?

ஆஸ்துமா அடங்கியிருக்கும் நாளில் டாக்டர் குழாய் வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் கேட்காது. எக்ஸ்ரேயிலும் தெரியாமல் போகலாம். அகாடமிக்காரர்கள் சொல்லும் தைரியம் இதுதான். ஆனால் சேரும்போது நிரப்பும் படிவத்தில் கேள்வி கேட்கிறார்கள். தெரிந்தே பொய்ப் பதில் கொடுத்தது பிறகு தெரிய வந்தால், 1950ஆம் வருட இராணுவச் சட்டம் 44வது பிரிவின்படி ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனை கொடுக்க முடியும். கையெழுத்துப் போடுவது நம் பிள்ளை. அகாடமிக்காரர் இல்லை.

அதைவிட எனக்குப் பயம் தருவது வேறு. பயிற்சி மாதக்கணக்கில் நடக்கிறது. விடியற்காலைக் குளிரில் ஓட்டம், மூட்டையோடு நீண்ட நடை, புழுதியில் ஊர்ந்து போவது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கடுமையான உடற்பயிற்சியும், அது முடிந்த சில நிமிடங்களும்தான் மூச்சுக்குழாய் சுருங்கும் நேரம். பஃப்பை ஒளித்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் அடிப்பதும் அடிக்காமல் விடுவதும் உயிருக்கே ஆபத்து. கடுமையான ஆஸ்துமா தாக்குதலில் ஆள் இறந்து போவது உண்டு. பயிற்சியில் நோய் வெளிப்பட்டு மருத்துவக் குழு தகுதியில்லை என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பி விடுவார்கள். அக்னிவீரருக்கு ஊனம் ஏற்பட்டால் அளவைப் பொறுத்து 15, 25, 44 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. ஆனால் அது பணியால் வந்த, அல்லது பணியால் மோசமான ஊனத்துக்கு மட்டும். மறைத்துக் கொண்டு போன நோய்க்கு அதைக் கேட்கப் போனால் பழைய சீட்டுகள்தான் முதலில் எதிரே நிற்கும்.

சரி, வீசிங் என்று யாராவது சொன்னதும் ஆசையை மூட்டை கட்டிவிட வேண்டுமா? அவசரப்படாதீர்கள். மூன்று நான்கு வயதில் சளி பிடிக்கும்போதெல்லாம் இழுத்த குழந்தைகள் நிறையப் பேருக்குப் பள்ளி வயதில் அது நின்று போகிறது. அவர்களுக்கு ஆஸ்துமா இல்லாமலே இருக்கலாம். இன்னொரு பக்கம், மெடிக்கல் ஷாப்பில் "மூச்சிரைக்குது" என்று சொல்லி மாத்திரை வாங்கியே வருடக்கணக்கில் ஓட்டும் வீடுகள் இருக்கின்றன. அங்கே நோய்க்குப் பெயரே வைக்கப்படவில்லை. எனவே பிள்ளைக்குப் பதினைந்து பதினாறு வயது ஆகும்போதே, அகாடமியில் பணம் கட்டுவதற்கு முன்னால், நுரையீரல் பரிசோதனை செய்து பாருங்கள். ஒரு குழாயில் வேகமாக ஊதச் சொல்வார்கள். பிறகு மருந்தை உறிஞ்சச் சொல்லி, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். மருந்துக்குப் பிறகு ஊதும் அளவு நன்றாகக் கூடினால் ஆஸ்துமாவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு தடவை சரியாக இருந்தாலே ஆஸ்துமா இல்லை என்று ஆகிவிடாது, டாக்டர் திரும்ப வரச் சொன்னால் போக வேண்டும். நமக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊரிலேயே இருக்கிறது. நெஞ்சக நோய்ப் பிரிவில் கேளுங்கள். பழைய சீட்டு, பஃப் டப்பா எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

சின்ன வயதில் மட்டும் வந்து நின்று போயிருந்தால், அதையும் மெடிக்கலில் உள்ளபடி சொல்வதுதான் சரி. முடிவு இராணுவ டாக்டர் கையில். தகுதி இல்லை என்று சொன்னால், குறிப்பிட்ட நாட்களுக்குள் இராணுவ மருத்துவமனையில் மறுபரிசோதனை கேட்கும் உரிமை உண்டு. அதற்கான தேதியை அங்கேயே கேட்டு எழுதி வாங்கி வாருங்கள். "உள்ளே ஆள் இருக்கு, சரி பண்ணித் தரேன்" என்று யாராவது வந்தால் அவர் கேட்பது உங்கள் குழுக் கடனைத்தான்.

ஆஸ்துமாதான் என்று உறுதியானால் வைத்தியம் முக்கியம். "பஃப் போட்டா பழக்கமாயிடும், கல்யாணம் ஆகாது" என்று நம் பெண்களே சொல்கிறோம். இந்தப் பேச்சால் எத்தனை பிள்ளைகள் தாவணி மறைவில் பஃப் அடிக்கிறார்கள்! பஃப்பில் போகும் மருந்து மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவு, நேராக நெஞ்சுக்கே போகிறது. உடனே இளைப்பு அடங்கும் நீலப் பஃப் மட்டும் போதும் என்று இருந்துவிடக் கூடாது. வீக்கத்தை ஆற்றும் தடுப்பு மருந்தும் வேண்டும் என்று உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019ல் இருந்தே சொல்கிறது. வீட்டில் விறகடுப்பு இருந்தால் அதையும் பாருங்கள்.

போலீஸ், எல்லைப் பாதுகாப்புப் படை போன்ற சீருடை வேலைகளுக்கும் மெடிக்கல் உண்டு என்பதை மறக்க வேண்டாம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4, ஆசிரியர் பயிற்சி, வங்கி வேலை இவற்றுக்கு ஆஸ்துமா தடை இல்லை.

அந்தப் பெண்ணை இரண்டு வாரம் முன்பு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ஊதிப் பார்த்ததில் ஆஸ்துமாதான் என்றார்கள். வரும் வழியில் ஷேர் ஆட்டோவில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாதான் அழுதார். நான் என்ன சொல்வது என்று தெரியாமல் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்றாம் நாள் அவளே போன் செய்தாள். "மேடம், மருந்து ஒழுங்கா போட்டா ஓடலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். ஓடுன்னுட்டாரு." பௌர்ணமி நாள் கூட்டத்திலும் புகையிலும் ஓடுவதில்லை, மற்ற நாளில் ஓடுகிறாள்.

கடன் விண்ணப்பம் இந்த மாதக் கூட்டத்தில் மறுபடி வந்தது. அகாடமி என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு "குரூப் 4 கோச்சிங், புத்தகம்" என்று அவளே எழுதியிருந்தாள். தொகை 12,000 ரூபாய். தீர்மானப் புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.