கணிப்பொறிக் கல்விக்கு எத்தனை வாசல்கள்?



தேர்வு முடிவு வெளியான மறுநாள் பம்மலில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரே கேள்விதான் காதில் விழும்: "அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" உங்களில் பலருடைய பதில், "கம்ப்யூட்டர்!" என்பதாக இருக்கும். "கம்ப்யூட்டரில் என்ன படிப்பு? சான்றிதழா, டிப்ளமாவா, பட்டமா?" என்று யாராவது மேலும் கேட்டால் பதில் சட்டென்று வருவதில்லை.

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் சேர்ந்துவிட்டால், வீட்டில் அரும்பாடுபட்டுச் சேர்த்த பணமும் வீணாகலாம். உங்கள் வாழ்வில் ஓர் ஆண்டும் வீணாகலாம். ஆகவே ஒவ்வொரு வாசலையும் சற்று நின்று பார்ப்போம், வாருங்கள்.

ஒரு சிறு சோதனை

உங்கள் பள்ளி நூலகத்தில் 1000 நூல்களுக்கு 1000 அட்டைகள் உள்ளன என்று கொள்வோம். அவை அகர வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. ஒரு நூலின் அட்டையைத் தேட வேண்டும். முதல் அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினால் 1000 அட்டைகளையும் பார்க்க நேரிடலாம்.

வேறு வழி உண்டா? உண்டு. நடுவிலுள்ள அட்டையை எடுங்கள். நாம் தேடும் பெயர் அதற்கு முன்னால் வருமா, பின்னால் வருமா என்று பாருங்கள். எப்படியும் ஒரு பாதியை ஒதுக்கிவிடலாம். மீதியிலும் இவ்வாறே செய்யுங்கள். 1000 என்பது 500 ஆகும், 250 ஆகும், 125 ஆகும். பத்தே முறையில் அட்டை கைக்கு வந்துவிடும்! அட்டைகள் ஒரு லட்சமானால்? 17 முறை போதும். ஒரு கோடியானாலும் 24 முறைதான். காகிதமும் பென்சிலும் எடுத்து நீங்களே சரிபார்க்கலாம்.

இந்த வேலையில் மூன்று பேருக்கு இடமுண்டு. நூல்களின் விவரங்களைக் கணிப்பொறியில் பிழையின்றிப் பதிந்து, கேட்டதும் எடுத்துத் தருபவர் ஒருவர். தேடும் நிரலை எழுதி, அது பழுதின்றி ஓடச் செய்பவர் இரண்டாமவர். "அட்டைகள் வரிசையில் இல்லாவிட்டால் என்ன செய்வது? இதைவிட விரைவான வழி இருக்க முடியுமா?" என்று ஆராய்பவர் மூன்றாமவர். சான்றிதழ், டிப்ளமா, பட்டம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ இம்மூவரையும் உருவாக்கும் படிப்புகள் எனலாம். ஆனால் இவற்றுக்கிடையே சுவர் ஏதும் இல்லை; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லப் பாதைகள் உண்டு.

சான்றிதழ்: விரைவில் கைத்தொழில்

பத்தாம் வகுப்பில் தேறியவர்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில், அதாவது ஐ.டி.ஐ.யில், 'கோபா' என்னும் பிரிவில் சேரலாம். கணிப்பொறி இயக்குபவர், நிரலாக்க உதவியாளர் ஆகிய பணிகளுக்கான ஓராண்டுப் பயிற்சி இது. முடிவில் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும்.

மத்திய அரசின் கீழ் இயங்கும் 'நைலிட்' நிறுவனம் 'ஓ', 'ஏ', 'பி' என்று படிப்படியான தேர்வுகளை நடத்துகிறது. இவற்றில் 'ஓ' நிலை அடிப்படைப் படிப்பு. அரசு அலுவலகத் தட்டச்சர் பணியை விரும்புவோருக்குத் தமிழ்நாட்டுத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் அலுவலகத் தானியக்கச் சான்றிதழ் பயன்படும்.

டிப்ளமா: நடுவழியில் ஒரு பாலம்

பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுகள் கணிப்பொறிப் பொறியியல் படித்தால் டிப்ளமா பெறலாம். நமக்கு எட்டும் தூரத்தில் தரமணியில் மத்திய பாலிடெக்னிக் இருக்கிறது. மேல்நிலைப் படிப்பில் உரிய பாடங்களைப் படித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம்.

டிப்ளமா முடித்ததும் வேலைக்குச் செல்லலாம். அல்லது பி.இ. படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். "பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் பொறியாளர் ஆக முடியாது" என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளும் இத்தகைய பாலமே. 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய கல்லூரி இவ்வகையில் முன்னோடி. அங்கே இரண்டாண்டுகள் படித்து, பின்பு பல்கலைக்கழகத்தில் மீதி இரண்டாண்டுகளை முடித்துப் பட்டம் பெறுவோர் ஏராளம். நம் நாட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் 1995-இல் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே சென்னையிலும் ஒன்று தோன்றியது. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்களுக்கும் ஏழை இளைஞர்களுக்கும் தொழில் கற்பிப்பதே இவற்றின் முதல் நோக்கம்.

பட்டம்: அடித்தளம் ஆழமானது

பி.எஸ்சி. கணிப்பொறி அறிவியல், பி.சி.ஏ. இரண்டும் மூன்றாண்டுப் பட்டங்கள். பி.இ., பி.டெக். நான்காண்டுகள். பொறியியலில் சேர மேல்நிலையில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். வணிகவியல் பிரிவில் படித்தவர்களுக்கும் பி.சி.ஏ. வாசல் பல கல்லூரிகளில் திறந்தே இருக்கிறது. ஆனால் பின்னர் எம்.சி.ஏ. படிக்க விரும்பினால், மேல்நிலையிலோ பட்டப் படிப்பிலோ கணிதம் படித்திருக்கிறீர்களா என்று கேட்கப்படலாம் என்பதை இப்போதே நினைவில் வையுங்கள். பதினொன்றாம் வகுப்பில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே சில வாசல்கள் திறக்கின்றன, சில மூடுகின்றன.

நம் வட்டாரம் இதில் பேறு பெற்றது. 1949-இல் தோன்றிய சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது எம்.ஐ.டி., பம்மலுக்குப் பக்கத்துக் குரோம்பேட்டையில்தான் உள்ளது. அப்துல் கலாம் பயின்ற கல்லூரி அது. 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக விளங்குகிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு வந்தது, அங்கே பி.சி.ஏ. படிக்கலாம். 2021-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன.

ஒரே ஏணி, பல படிகள்

கிண்டியிலுள்ள ஐ.ஐ.டி. 2020-இல் அறிவித்த தரவு அறிவியல் படிப்பு புதுமையானது. இதற்குப் பாடங்கள் இணையவழியில், தேர்வுகள் நேரில். ஜே.இ.இ. தேர்வில் தேறியிருக்க வேண்டியதில்லை. நான்கு வாரப் பாடங்களைப் படித்து, அதன் முடிவில் ஒரு தகுதித் தேர்வில் தேற வேண்டும்.

இதன் சிறப்பு எதில் இருக்கிறது தெரியுமா? நடுவில் நின்றாலும் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதில்லை. அடிப்படைப் பாடங்களில் 32 மதிப்பலகுகள் பெற்றால் சான்றிதழ். மேலும் படித்தால் டிப்ளமா. 114 மதிப்பலகுகளில் பி.எஸ்சி. பட்டம், 142-இல் நான்காண்டு பி.எஸ். பட்டம். குடும்பச் சூழலால் வேலைக்குப் போக நேரும் மாணவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் அல்லவா?

சேருமுன் ஐந்து கேள்விகள்

"மூன்றே மாதத்தில் வேலை நிச்சயம்" என்ற விளம்பரப் பலகையைப் பார்த்ததும் பணத்தை எடுத்து நீட்டிவிடாதீர்கள். முதலில் இவற்றைக் கேளுங்கள்:

1. சான்றிதழில் கையொப்பமிடுவது யார்? அரசா, பல்கலைக்கழகமா, அந்தக் கடைக்காரரா?

2. சேர என்ன தகுதி வேண்டும்? என் பாடப்பிரிவு அதற்குப் பொருந்துமா?

3. முதல் தவணை போக, மொத்தச் செலவு எவ்வளவு?

4. வாரத்தில் எத்தனை மணி நேரம் நானே கணிப்பொறியில் பழகலாம்?

5. இதை முடித்தபின் மேற்படிப்புக்கு வழி உண்டா?

ஐந்தாவது கேள்விக்கு "இல்லை" என்று விடை வந்தால், அந்தப் படிப்பு தீயது என்று பொருளல்ல. அது முடியும் இடம் எது என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

நண்பர்களே! நிரல் எழுதும் மொழிகள் மாறிக்கொண்டே இருக்கும். இன்று பன்னிரண்டாம் வகுப்பில் நீங்கள் படிக்கும் பைத்தானுக்குப் பதிலாக நாளை வேறொன்று வரலாம். ஆயினும் 1000 அட்டைகளைப் பத்து முறையில் தேடும் அந்தச் சிந்தனை மாறாது. சான்றிதழில் தொடங்கினாலும் பட்டத்தில் தொடங்கினாலும், அந்தச் சிந்தனையை விடாமல் வளர்ப்பவரே மேலே ஏறுவார்.

இன்று மாலை அம்மா அப்பாவுடன் அமர்ந்து, இந்த ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிப் பேசிப் பாருங்கள். தாளில் விடை கிடைக்காத கேள்வி ஏதேனும் மிஞ்சினால், மறுநாள் உங்கள் ஆசிரியரிடம் கொண்டு செல்லுங்கள்.