காமிரா வியாபாரத்தில் வளைய யுத்தம்

போட்டி மிகுந்தால் வாங்குவோனுக்கு லாபம் என்பது பொருளாதார சாஸ்திரத்தின் பாலபாடம். கடைத்தெருவில் இரண்டு ஜவுளிக் கடைகள் இருந்தால் துணி விலை இறங்கும். நான்கு இருந்தால் இன்னும் இறங்கும். ஆனால் ஜப்பானியக் காமிராக் கம்பெனிகள் 2008-ம் ஆண்டு முதல் தங்களுக்குள் நடத்தி வரும் சண்டையைக் கவனிப்பவர்களுக்கு இந்தப் பாலபாடம் போதாது. அங்கே விலையைப் பற்றிய சண்டை சொற்பம். காமிராவின் முகப்பில் லென்ஸை மாட்டுவதற்கு உலோக வளையம் ஒன்று இருக்கிறதே, அதைத் தொழிலில் உள்ளவர்கள் ‘மவுண்ட்’ என்பார்கள். சண்டையெல்லாம் அந்த வளையத்தைப் பற்றியது. ஒரு முறை அதற்குள் தலையை நுழைத்த வாடிக்கைக்காரர் மறுபடி வெளியே வரலாமா, கூடாதா என்பதே வழக்கு.

இதை விளங்கிக் கொள்வதற்கு யந்திரத்தின் உள்ளே சிறிது எட்டிப் பார்ப்பது அவசியம். பழைய ‘எஸ்.எல்.ஆர்.’ காமிராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு சிறு முகக்கண்ணாடி 45 டிகிரி சாய்வில் நிற்கும். லென்ஸ் வழியே வரும் ஒளி அக்கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி, ஐங்கோணப் பட்டகம் ஒன்றினுள் புகுந்து, படம் பிடிப்பவரின் கண்ணை அடையும். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பி வழிவிடும். ஒளி நேரே பிலிமின் மீதோ, பிற்காலத்தில் சென்ஸாரின் மீதோ போய் விழும். கண்ணாடி இவ்வாறு எழுந்து இறங்குவதற்கு இடம் வேண்டுமல்லவா? அதற்காக வளையத்துக்கும் பிலிமுக்கும் நடுவே நிக்கான் கம்பெனி 46.5 மில்லிமீட்டரும், கானன் கம்பெனி 44 மில்லிமீட்டரும் விட்டு வைத்தன. சென்ஸாரானது தான் காணும் காட்சியை அந்தக் கணமே ஒரு சிறு மின்திரைக்கு அனுப்பும் திறமை பெற்றதும், கண்ணாடிக்கு வேலை இல்லாமற் போயிற்று. பட்டகத்துக்கும் வேலை இல்லை. இரண்டையும் எடுத்துவிட்டுச் செய்ததுதான் ‘மிரர்லெஸ்’ காமிரா. நாற்பது சொச்சம் மில்லிமீட்டராக இருந்த இடைவெளி, சோனியில் 18 ஆகவும் கானனில் 20 ஆகவும் நிக்கானில் 16 ஆகவும் சுருங்கியது. ஏறக்குறைய ஓர் அங்குலம் மிச்சம். அந்த ஓர் அங்குலம் எத்தனை பெரிய ஸ்தாபனங்களை ஆட்டி வைத்தது என்பதைக் கீழே பார்ப்போம்.

ஒரு கல்யாண போட்டோகிராபரை எடுத்துக் கொள்ளுங்கள். அவருடைய சொத்து காமிரா அன்று, லென்ஸ்கள்தாம். காமிரா நாலைந்து வருஷத்தில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் இருபது வருஷம் உழைக்கும். அகலக் காட்சிக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று, தூரத்து மேடைக்கு ஒன்று என்று கடனை உடனை வாங்கிச் சேர்த்த நாலைந்து லென்ஸ்களும் ஒரு கம்பெனியின் வளையத்துக்கே பொருந்தும். அடுத்த காமிரா வாங்கும்பொழுது, பக்கத்துக் கம்பெனிக்காரன் எவ்வளவு உயர்ந்த சரக்கை நீட்டினாலும் அவர் அதை வாங்க முடியாது. வாங்கினால் சேர்த்த லென்ஸ்களைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆகவே வளையம் என்பது வெறும் உலோகமன்று. ஆண்டுதோறும் தானே வந்து சேரும் குத்தகை. அதைக் கையில் வைத்திருப்பவனுக்குப் புதுமை செய்ய அவசரம் ஏது?

நிக்கான் தன் ‘எப்’ வளையத்தை 1959-ல் கொணர்ந்து சுமார் அறுபது ஆண்டுகள் காப்பாற்றியது. கானன் 1987-ல் பழைய வளையத்தை அடியோடு கைவிட்டு ‘இ.எப்.’ என்ற புதிய வளையத்தை அமைத்தது. பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் அன்று அடைந்த கோபம் கொஞ்சமன்று. ஆனால் புதிய வளையத்தில் லென்ஸுக்கும் காமிராவுக்கும் தொடர்பு முழுவதும் மின்சாரத்தால் நடந்தது; லென்ஸ் தானே குறி பார்த்துத் தெளிவு செய்துகொள்ளும் வித்தையில் அதனால் கானன் முந்திக் கொண்டது. விளையாட்டு மைதான ஓரங்களில் வெள்ளை நிறக் கானன் லென்ஸ்கள் வரிசையாக நின்ற காலம் அதற்குப் பிறகு வந்ததே. துணிந்தவனுக்குக் கிடைத்த பலன் அது. அப்படித் துணிந்த கானனே அடுத்த புரட்சி வந்தபோது கை கட்டி நின்றதுதான் விசித்திரம்.

அடுத்த புரட்சி 2008-ல் தொடங்கிற்று. தொடங்கியவர்கள் பெரியவர்கள் அல்லர். ஒலிம்பஸும் பானஸானிக்கும் சேர்ந்து ‘மைக்ரோ போர் தேர்ட்ஸ்’ என்ற பொது வளையத்தை ஏற்படுத்தின. அவ்வாண்டே பானஸானிக்கின் ஜி-1 வெளிவந்தது. 2010-ல் சோனியும், கொரியாவின் சாம்ஸங்கும் இறங்கின. 2012-ல் பூஜிபிலிம் தன் எக்ஸ்-புரோ-1 உடன் வந்தது. எஸ்.எல்.ஆர். சந்தையில் இழப்பதற்கு இவர்களிடம் அதிகம் இல்லை. இழப்பதற்கு மிகுதியாக வைத்திருந்த இருவருமோ விழித்துக் கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் கால் எழவில்லை. புதுமை தெரியாததால் அவர்கள் பின்தங்கினார்கள் என்று சொல்வது நியாயமன்று. தங்கள் கையாலேயே தங்கள் எஸ்.எல்.ஆர். வியாபாரத்தைக் கெடுத்துக் கொள்ள வேண்டுமே என்ற பயமே காரணம் என்பது நமது அபிப்பிராயம்.

இப்படிச் சொல்வதற்கு அவர்கள் செய்த காமிராக்களே சாட்சி. நிக்கான் 2011-ல் ‘நிக்கான் 1’ என்ற மிரர்லெஸ் வரிசையை வெளியிட்டது. அதன் சென்ஸார் 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர். பழைய பிலிம் சட்டத்தின் அளவோ 36-க்கு 24. பரப்பில் ஏழில் ஒரு பங்குதான்! தன் எஸ்.எல்.ஆர். காமிராவோடு ஒருநாளும் போட்டியிட இயலாத அளவில் புதிய காமிராவைச் செய்து வைத்துவிட்டு, ‘நாங்களும் வந்துவிட்டோம்’ என்றால் யார் நம்புவார்கள்? 2018-ல் அவ்வரிசை மூடப்பட்டது. கானன் 2012-ல் ‘இ.ஓ.எஸ். எம்’ என்று ஒன்றை வெளியிட்டு, பத்தாண்டு காலத்தில் அதற்கென்று எட்டே லென்ஸ்கள் செய்தது. பின்னால் அதே கானன் வெளியிட்ட புதிய வளையத்தில் அந்த எட்டில் ஒன்றும் மாட்டாது. அவற்றைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் நடுத்தெருவில் நிற்கிறார்கள். குடும்பத்தில் மூத்த தாரத்துப் பிள்ளைக்குக் குறைந்துவிடுமே என்று இளைய தாரத்துப் பிள்ளைக்குச் சோறு குறைப்பதுண்டல்லவா, அதைப் போன்ற காரியம் இது.

இந்த இடைவெளியில் நுழைந்தது சோனி. 2006-ல் கொனிகா மினோல்டா கம்பெனி காமிரா வியாபாரத்தை விட்டு விலகியபோது அதை வாங்கிக் கொண்டு எஸ்.எல்.ஆர். துறையில் பிரவேசித்த இந்த ரேடியோ, டெலிவிஷன் கம்பெனியைப் பழைய காமிராக்காரர்கள் பெரிதாக மதிக்கவில்லை. 2013-ல் சோனி ஏ-7, ஏ-7 ஆர் என்ற இரண்டு காமிராக்களை வெளியிட்டது. சென்ஸார் பிலிம் சட்டத்தின் முழு அளவு, கண்ணாடி இல்லை. குற்றங்களும் இருந்தன: பாட்டரி சீக்கிரம் தீர்ந்தது, சொந்த லென்ஸ்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவை. சாதாரண வியாபார நியாயப்படி, லென்ஸ் இல்லாத காமிரா விலை போகக் கூடாது.

விலை போயிற்று. எப்படி? அந்த ஓர் அங்குலத்தால்தான். கானன் லென்ஸுக்கு 44 மில்லிமீட்டர் தூரம் வேண்டும். சோனி காமிராவில் 18 தான் இருக்கிறது. மீதி 26 மில்லிமீட்டரை ஒரு வெற்று வளையத்தால் நிரப்பி, நடுவே மின்தொடர்பும் அமைத்துவிட்டால் கானன் லென்ஸ் சோனி காமிராவில் வேலை செய்யும். இதன் பெயர் அடாப்டர். வேறு சிறு கம்பெனிகள் இதைச் செய்து விற்றன. எதிர்த்திசையில் இது சாத்தியமில்லை. இடம் இல்லாத காமிராவில் இடத்தை உண்டாக்க முடியாதல்லவா? ஆகவே கானன் பிரஜையாக இருபதாண்டு வாழ்ந்த ஒருவர் தம் லென்ஸ்களை விற்காமலே சோனி காமிராவை வாங்கிப் பார்க்க முடிந்தது. பார்த்தவர்களில் பலர் திரும்பவில்லை. எத்தனையோ விளம்பரங்களால் தகர்க்க முடியாத கோட்டையை ஒரு துண்டுக் குழாய் தகர்த்தது! சோனி இன்னொரு காரியமும் செய்திருந்தது. 2011-லேயே தன் ‘இ’ வளையத்தின் அடிப்படை விவரங்களைப் பிற லென்ஸ் கம்பெனிகளுக்குக் கட்டணமின்றித் தெரிவிக்க முன்வந்தது. ஸிக்மா, டாம்ரான் முதலிய கம்பெனிகள் பிற்பாடு அவ்வளையத்துக்கு நல்ல லென்ஸ்களைக் குறைந்த விலையில் செய்து குவித்தன.

2018-ல்தான் பெரியவர்கள் அசைந்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டு கடைசியில் நிக்கான் தன் ‘இஸட்’ வளையத்தையும், செப்டம்பர் ஆரம்பத்தில் கானன் தன் ‘ஆர்.எப்.’ வளையத்தையும் அறிவித்தன. அதே மாதக் கடைசியில் லைகா, பானஸானிக், ஸிக்மா மூன்றும் ‘எல்’ வளையத்தின்கீழ் ஒன்று சேர்ந்தன. ஐந்து வாரத்துக்குள் மூன்று படைகள்! ஏ-7 வெளிவந்து ஐந்தாண்டுகள் கழிந்திருந்தன. கானனும் நிக்கானும் தங்கள் பழைய லென்ஸ்களை மாட்டுவதற்கான அடாப்டரைத் தாங்களே செய்து விற்றதைக் கவனிக்க வேண்டும். அயலானுக்குக் கதவு திறந்த சாவி இப்பொழுது சொந்தக் குடிகளைப் புது வீட்டுக்கு அழைத்துப் போக உதவியது.

அவர்கள் வந்து சேர்ந்தபோது சந்தையே வற்றிக் கொண்டிருந்தது. ஜப்பானியக் காமிரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010-ல் ஏற்றுமதியும் உள்நாட்டு விற்பனையுமாக வெளிச் சென்ற டிஜிட்டல் காமிராக்கள் சுமார் 12 கோடி. 2023-ல் அது ஒரு கோடிக்கும் குறைவு. சட்டைப்பையில் இருக்கும் டெலிபோன் சிறு காமிராக்களை விழுங்கிவிட்டது. லென்ஸ் மாற்றும் காமிராக்கள் 2012-ல் சுமார் இரண்டு கோடியாக இருந்தவை, 2023-ல் அறுபது லட்சமாயின. அந்த அறுபது லட்சத்தில் ஐந்தில் நான்கு பங்கு மிரர்லெஸ். சாம்ஸங் சந்தையை விட்டே போய்விட்டது. முதற்கொடி பிடித்த ஒலிம்பஸ் தன் காமிராப் பகுதியை விற்றுவிட்டது. 2021 முதல் அது வேறு பெயரில் நடக்கிறது. சுருங்கும் குளத்தில் பெரிய மீன்களின் பாய்ச்சல் கடுமையாக இருப்பதில் ஆச்சரியம் என்ன?

சோனியின் பலத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அதை வெளியே அதிகம் பேசுவதில்லை. காமிராவின் உயிர்நிலையான சென்ஸாரைச் செய்வதில் சோனி உலகில் முதல் ஸ்தாபனம். கானன் தன் சென்ஸார்களைப் பெரும்பாலும் தானே செய்து கொள்கிறது. நிக்கானுக்கும் பூஜிபிலிமுக்கும் அந்த வசதி இல்லை. சந்தையில் எதிரியாக நிற்கும் சோனியின் தொழிற்சாலைகளிலிருந்தே சென்ஸார் வாங்குகின்றன. 2016 ஏப்ரலில் குமமோட்டோவில் பூகம்பம் வந்து சோனியின் சென்ஸார்த் தொழிற்சாலை நின்றபோது காமிராத் தொழில் முழுவதுமே திகைத்தது. 1930-களின் நடுவில் கானனின் முதல் காமிரா விற்பனைக்கு வந்தபொழுது, அதற்கு லென்ஸ் செய்து கொடுத்தது நிப்பான் கோகாகு என்ற கம்பெனி. இன்று அதன் பெயர் நிக்கான்! அன்று எதிரிக்குக் கண் கொடுத்தவன், இன்று எதிரியிடம் கண் வாங்குகிறான். ஆனால் சென்ஸார் விற்பவன் போட்டிக்காரனுக்கும் விற்றால்தான் தொழிற்சாலை ஓடும் என்பதால், இந்த அடிமைத்தனத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. வளைய விஷயத்தில் அப்படி எந்த எல்லையும் இல்லை.

புதிய வளையங்களை அமைத்தபின் பழைய புத்தி திரும்பிற்று என்பதற்குக் கானன் உதாரணம். காமிராவில் அக்கம்பெனி செய்த வேலை உயர்ந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. 2020-ல் வந்த ஆர்-5 அதற்குப் போதிய அத்தாட்சி. ஆனால் ‘ஆர்.எப்.’ வளையத்துக்குப் பிறர் லென்ஸ் செய்வதை அது விரும்பவில்லை. சீனத்து வில்ட்ராக்ஸ் கம்பெனி அவ்வளையத்துக்குத் தானே தெளிவு செய்துகொள்ளும் லென்ஸ்களைச் செய்து குறைந்த விலையில் விற்றது. 2022-ல் தன் பேட்டண்ட் உரிமையும் வடிவ உரிமையும் மீறப்பட்டதாகக் கானன் ஆட்சேபிக்கவே, அவ்விற்பனை நின்றது. சட்டப்படி கானனுக்கு உரிமை இருக்கலாம். தான் செலவிட்டுக் கண்டுபிடித்ததை அயலான் இலவசமாக அனுபவிக்க வேண்டுமா என்று அதன் தரப்பில் கேட்கலாம், கேள்வி நியாயமானதே. ஆனால் காமிராவை விலை கொடுத்து வாங்கியவர் அதில் எந்த லென்ஸை மாட்டுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருடையது? வாங்கியவருடையதா, விற்றவருடையதா? பேட்டண்ட் சட்டம் இதற்கு விடை சொல்வதில்லை. கல்யாண போட்டோகிராபரின் பணப்பைதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கானனைப் பழித்து மற்றவர்களைப் புகழ்வதும் நமது நோக்கமன்று. சோனி தன் வளையத்தைத் திறந்து வைத்த காலம், அதனிடம் சொந்த லென்ஸ் இல்லாத காலம். பிறர் உதவியின்றி அன்று அது பிழைத்திருக்க முடியாது. கொனிகா மினோல்டாவிடமிருந்து பெற்ற ‘ஏ’ வளையத்தை நம்பி வந்தவர்களை அதே சோனி பிற்பாடு கைவிட்டது. பலவீனன் கதவைத் திறப்பதும் பலவான் அடைப்பதும் இந்த வியாபாரத்தின் வழக்கமாகக் காணப்படுகிறது. நிக்கான் நடு வழியில் நடக்கிறது. டாம்ரானுக்கு அனுமதி உண்டு, ஆனால் யாருக்கு, எந்த லென்ஸுக்கு என்பதைத் தன் கைக்குள்ளேயே வைத்திருக்கிறது.

வாடிக்கைக்காரர்களின் முணுமுணுப்பு கானனின் செவியிலும் விழாமல் இல்லை. 2024 ஏப்ரலில் ஸிக்மாவும் டாம்ரானும் கானனின் அனுமதி பெற்று ‘ஆர்.எப்.’ வளையத்துக்கு லென்ஸ் செய்யப் போவதாக அறிவித்தபோது, கதவு திறந்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள். அறிவிப்பை முழுவதும் படித்தவர்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சி இல்லை. அன்று அறிவிக்கப்பட்டவை யாவும் சிறிய சென்ஸார் காமிராக்களுக்கானவை. கல்யாண போட்டோகிராபர்கள் விரும்பி வாங்குவதும், கம்பெனிக்கு அதிக லாபம் தருவதுமான முழு அளவுச் சென்ஸாருக்கென்று அவற்றில் ஒரு லென்ஸ்கூட இல்லை.