99 பேரும் 12 வாரமும்: அயர்லாந்து எதற்கு வாக்களித்தது?

அயர்லாந்தில் 2018 மே 25, வெள்ளிக்கிழமை, கருக்கலைப்பு குறித்த பொதுவாக்கெடுப்பு நடந்தது. 2012-ல் அங்கு கருக்கலைப்பு மறுக்கப்பட்டு இறந்த சவிதா ஹலப்பனவரின் பெயர் இதில் அடிபட்டதால் நம் வாசகர்கள் நிறையப் பேர் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். இரண்டு குழப்பங்கள் திரும்பத் திரும்ப வந்தன. சவிதா இறந்த மறு வருடமே புதிய சட்டம் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு வாக்கெடுப்பு? 'ஆம்' ஜெயித்தால் சனிக்கிழமையிலிருந்தே கருக்கலைப்பு செய்துகொள்ள முடியுமா?

2013-ல் வந்த சட்டத்தின் பெயர் 'கர்ப்பகால உயிர்ப் பாதுகாப்புச் சட்டம்'. பெயரை வைத்து எடைபோட வேண்டாம். பெண்ணின் உயிருக்கே ஆபத்து என்றால் மட்டும் கருக்கலைப்புக்கு இடம் உண்டு என்று 1992-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 14 வயதுச் சிறுமி ஒருத்தி வன்புணர்வால் கருவுற்று, தற்கொலை செய்துகொள்ளும் நிலையில் இருந்த வழக்கு அது. அந்தத் தீர்ப்பை 21 ஆண்டுகள் கழித்துச் சட்டமாக எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான். தற்கொலை அபாயம் என்றால் மூன்று டாக்டர்கள் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. உடல்நலத்துக்குக் கேடு என்பது போதவில்லை. உயிருக்கு ஆபத்தாக இருக்க வேண்டியிருந்தது. மீறினால் 14 ஆண்டுகள் வரை சிறை என்றிருந்தது. கால்வே மருத்துவமனையில் 17 வார கர்ப்பத்துடன் சேர்க்கப்பட்ட சவிதாவுக்கும், கரு தங்காது என்று தெரிந்த பிறகும், கருவின் இதயத்துடிப்பைக் காரணம் காட்டித்தான் கருக்கலைப்பை மறுத்தார்கள். ரத்தத்தில் தொற்று பரவி 2012 அக்டோபர் 28 அன்று அவர் இறந்தார். உடல்நலக் கேடு எந்த நிமிடத்தில் உயிராபத்தாக மாறுகிறது என்று டாக்டர் கணக்குப் போட வேண்டிய நிலையை 2013 சட்டம் மாற்றவில்லை.

மாற்றியிருக்கவும் முடியாது. 1983-ல் மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் ஒப்புதல் தந்து அரசியல் சாசனத்தில் ஏறிய எட்டாவது திருத்தம் குறுக்கே நின்றது. கருவுக்கும் தாய்க்கும் 'சமமான உயிர் வாழும் உரிமை' என்றது அது. சமம் என்ற சொல் நியாயமாக ஒலிக்கிறது. நடைமுறையில், சாவின் விளிம்புக்கு வரும்வரை தாயின் பக்கம் தராசில் ஏறவே இல்லை. 1992-ல் இன்னொரு திருத்தம் சேர்த்து, வெளிநாடு போய்க் கருக்கலைப்பு செய்வதைத் தடுக்க முடியாது என்றும் எழுதினார்கள். ஆண்டுக்கு 3,000-க்கும் மேற்பட்ட பெண்கள் இங்கிலாந்து, வேல்ஸ் மருத்துவமனைகளில் அயர்லாந்து முகவரியைத் தந்தார்கள். பயணத்துக்குப் பணமோ விசாவோ இல்லாதவர்களுக்கு அந்த வழியும் இருக்கவில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். சனிக்கிழமை எதுவும் மாறவில்லை. வாக்குச்சீட்டு கேட்டது, எட்டாவது திருத்தத்தை எடுத்துவிட்டு, கருக்கலைப்பை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்ற ஒற்றை வாக்கியத்தை வைக்கலாமா என்பதைத்தான். எல்லோரும் பேசிய, 12 வாரம் வரை காரணம் கேட்காமல் அனுமதிக்கும் கணக்கு வாக்குச்சீட்டில் இல்லை. 2018 மார்ச் கடைசியில் அரசு வெளியிட்ட சட்ட வரைவில் இருந்தது. "வரைவைப் பார்த்து நம்பி வாக்களியுங்கள்" என்றார்கள் அமைச்சர்கள். நாளை வேறொரு அரசு அதைத் தளர்த்தலாம், இறுக்கவும் செய்யலாம். இந்த விஷயத்தில் 'இல்லை' தரப்பு சொன்னது உண்மை.

ஆனால் இந்த 12 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதுதான் முழு விவகாரத்திலும் கவனிக்க வேண்டிய இடம். 35 ஆண்டுகளாகப் பெரிய கட்சிகள் தொடப் பயந்த விஷயம் இது. 2016-ல் அன்றைய பிரதமர் எண்டா கென்னியின் அரசு, இதைக் 'குடிமக்கள் பேரவை' ஒன்றிடம் ஒப்படைத்தது. 99 சாதாரண மக்கள். தலைவராக உச்ச நீதிமன்ற நீதிபதி மேரி லஃபாய். முடிவெடுக்கும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார்கள் என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. அது சரியான விமர்சனம்தான்.

பேரவைக்கு ஆள் எடுத்ததைக் 'குலுக்கல் முறைத் தேர்வு' என்று அரசு சொன்னதைப் படித்தால் நமக்கு உத்திரமேரூர் குடவோலை நினைவுக்கு வரும். உண்மையில் கருத்துக்கணிப்பு நிறுவன ஊழியர்கள் வீடு வீடாகப் போய், வயது, பாலினம், வட்டாரம், வர்க்கம் பார்த்து ஆள் சேர்த்தார்கள். ஊழியர் ஒருவர் 7 பேரைத் தெரிந்தவர்கள் வழியாகவே சேர்த்தார் என்று 2018 பிப்ரவரியில் தெரியவந்தது. அவர்கள் கலந்துகொண்டது 2018 ஜனவரிக் கூட்டத்தில். கருக்கலைப்பு விவாதம் அதற்கு முந்தைய ஆண்டே முடிந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

அந்த 99 பேர் ஐந்து வார இறுதிகள் உட்கார்ந்து டாக்டர்களையும் வழக்கறிஞர்களையும் இரு தரப்பு அமைப்புகளையும் கேட்டார்கள். பெண்கள் சிலரின் அனுபவங்களை ஒலிப்பதிவில் கேட்டார்கள். அதன்பிறகு அவர்களிடம் 'ஆதரவா, எதிர்ப்பா' என்று மட்டும் கேட்டு நிறுத்தவில்லை. எந்தக் காரணத்துக்கு, எத்தனை வாரம் வரை என்று ஒவ்வொன்றாகச் சீட்டில் எழுதச் சொன்னார்கள். கொள்கை பேசும்போது மலையாக நிற்கிற வேறுபாடு, காரணம் காரணமாகப் பிரித்துக் கேட்டதும் குறைந்தது. எட்டாவது திருத்தம் இப்படியே இருக்கக் கூடாது என்றவர்கள் 87%. காரணம் கேட்காமலே அனுமதிக்கலாம் என்றவர்கள் 64%. கட்சிகள் நினைத்ததைவிட மக்கள் வெகுதூரம் முன்னால் போயிருந்தார்கள்.

அடுத்து இது நாடாளுமன்றக் கூட்டுக் குழுவிடம் போனது. வன்புணர்வால் வந்த கருவைக் கலைக்க அனுமதிக்கலாம் என்பதில் பலரும் ஒன்றுபட்டார்கள். ஆனால் அதைச் சட்டமாக எழுத உட்கார்ந்ததும் சிக்கல் வந்தது. நடந்தது வன்புணர்வு என்று யாரிடம், எப்படி நிரூபிப்பது? போலீஸில் புகார் கொடுத்தால்தான் ஏற்பதா? நீதிமன்றத் தீர்ப்பு வருவதற்குள் குழந்தையே பிறந்துவிடும். காயம்பட்ட பெண்ணை மறுபடியும் விசாரிக்காமல் அந்த விலக்கை அமல்படுத்த வழியே இல்லை. போதாததற்கு, கருக்கலைப்பு மாத்திரைகளை இணையத்தில் வாங்கி, டாக்டர் துணை இல்லாமல் வீட்டிலேயே விழுங்கும் பெண்கள் இருந்தார்கள். அதற்கும் 14 ஆண்டுச் சிறை காத்திருந்தது. ஆகவே குழு, 12 வாரம் வரை யாரிடமும் காரணம் கேட்பதில்லை என்ற முடிவுக்கு வந்தது. கடுமையான விலக்குச் சட்டம் போதும் என்று நினைத்தவர்களில் சிலரும், அதை நடைமுறைப்படுத்த முடியாது என்று கண்டு, இந்த இடத்துக்கு நகர்ந்தார்கள். இரு தரப்புக்கும் நடுவில் கோடு கிழித்து எட்டிய சமரசமாக இருந்திருந்தால் இது நின்றிருக்காது. வன்புணர்வுக்கு ஆளான ஒரு பெண்ணின் நிலையை கடைசிவரை யோசித்துப் பார்த்ததால் கிடைத்தது.

ஆனாலும் மற்ற இடங்களில் சமரசங்கள் இல்லாமல் இல்லை. உயிருக்கு ஆபத்தில்லாத கருக் குறைபாடுகளுக்கும் அனுமதி தரலாம் என்று பேரவையில் 80% பேர் சொன்னார்கள். குழு அதை ஏற்கவில்லை, வரைவிலும் அது இடம்பெறவில்லை. பேரவையும் குழுவும் கேட்காத ஒன்றை அரசு தானாகச் சேர்த்தது: டாக்டர் சான்றளித்த பிறகு 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும். தயங்கும் வாக்காளர்களையும் அன்றைய துணைப் பிரதமர் சைமன் கோவெனி போன்றவர்களையும் சமாதானப்படுத்த இது உதவியிருக்கலாம். மருத்துவக் காரணம் எதையும் நான் பார்க்கவில்லை. தூரத்துக் கிராமத்திலிருந்து இரண்டு முறை டாக்டரைத் தேடிப் போக வேண்டிய பெண்ணின் தலையில்தான் அந்தச் சுமை விழும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

12 வாரத்துக்குப் பிறகு? உயிருக்கு ஆபத்து, உடல்நலத்துக்குக் கடும் கேடு, பிழைக்க வாய்ப்பில்லாத கரு ஆகியவற்றுக்கு மட்டும். இரண்டு டாக்டர்கள் சான்றளிக்க வேண்டும்.

மனசாட்சி இடம் தராத டாக்டர்? மறுக்கலாம், வேறு டாக்டரிடம் அனுப்பிவைக்க வேண்டும்.

'இல்லை' ஜெயித்திருந்தால்? 2013 சட்டம் அப்படியே தொடர்ந்திருக்கும்.

வட அயர்லாந்து? அது பிரிட்டனின் பகுதி. அங்கு வாக்கெடுப்பு நடக்கவில்லை.

இந்தியாவில்? வாக்கெடுப்பு நடந்ததில்லை; 1971-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி 2018-ல் 20 வாரம் வரை, டாக்டர் ஒப்புதலோடு அனுமதி இருந்தது.

வெளிநாட்டில் இருக்கும் அயர்லாந்துக்காரர்கள்? நாட்டை விட்டுப் போய் 18 மாதம் ஆகாதவர்கள் திரும்பும் எண்ணமும் இருந்தால் வாக்களிக்க முடிந்தது. அவர்களுக்குத் தபால் வாக்கு இல்லை, நேரில் வர வேண்டியிருந்தது.

வாக்குப்பதிவு காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை நடந்தது. எண்ணிக்கை சனிக்கிழமை காலையில் தொடங்கியது.