புதியன காணும் இன்பம்

விரும்பிய திசையிற் சென்று புதுமைகளைத் தாமே கண்டறியும் கணினி விளையாட்டுகளில் நம் எருக்கலம்பிட்டிச் சிறுவரும் இன்று திளைக்கின்றனர். இவ்வின்பத்தின் ஊற்று யாது?

யப்பானின் சொனோபே என்னும் ஊரில் 1952இல் பிறந்த சிகெரு மியமோத்தோ, சிறுவயதிற் காடுமேடெல்லாம் திரிந்து ஒரு குகையைக் கண்டார். பின்னர் விளக்கேந்தி அதனுள் நுழைந்தார். அவ்வியப்பே 1986இல் வெளிவந்த ‘செல்டா’ விளையாட்டுக்கு வித்தாயிற்று. 2017இல் வந்த அதன் வழித்தோன்றலிலே, குகையினின்று வெளிப்படும் வீரன் குன்றின் விளிம்பில் நின்று பரந்த நாட்டைக் காண்கின்றான். தொலைவில் தோன்றும் மலைக்கும் அவன் செல்லலாம். ஆடுவோர் நெஞ்சில் நிலைத்த கணம் அது.

ஆயினும், மூலமான குகையைத் திரையில் எவரும் கண்டிலர். ஆபிரிக்க மண்ணுக்குரிய பெருக்கமரம் பள்ளிமுனையில் நிற்பதேன், சீனக் கலவோடுகள் மாந்தையிற் கிடைத்ததேன் என நம் பிள்ளைகளும் நேரிற் சென்று வினவட்டும், பெற்றோர் தடுக்கலாகாது.